சாட்சியைத் தின்றவர்கள்

பால்தென் தேநீர் குடிக்கும் விதத்தைப் பார்த்த அன்றைக்குத்தான், அவனைக் கொன்றால் போதாது என்று யாங்கிக்குத் தோன்றியது.

கணவன் ஹிஷேவுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக அவள் சபைக்கு வந்திருந்தாள். வாசலோரம், ஊரார் கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், புதிதாக அவர்கள் வீட்டுக்கென்று விதிக்கப்பட்ட இடம். அங்கே உட்காருகிறவருக்கு ஒரு வேலை உண்டு: கூட்டம் முடியும்வரை எல்லாருக்கும் வெண்ணெய்த் தேநீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவது பெரிய காரியமில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒருவர் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தால் உடனே போய் நிரப்பிவிட வேண்டும். நிரப்பாமல் விடுவது எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம். நல்ல மனிதர்கள் இதற்காகவே பாதிக் கோப்பையை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள்.

பால்தென் மூடிக்கொள்ளவில்லை. உதட்டை மட்டும் நனைத்தான். கோப்பையை வைத்தான். கூரையைப் பார்த்தான்.

யாங்கி கூடத்தின் நீளம் முழுக்க நடந்து போய்ச் சிட்டுக்குருவி சிந்தியிருக்கக்கூடிய அளவுக்கு ஊற்றினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவன் மறுபடி உதட்டை நனைத்தான். மறுபடி கூரை.

"ஹிஷே எப்படி இருக்கான்?" என்றான் பால்தென், அவள் அடுத்த தடவை வந்தபோது.

"படுத்திருக்காரு."

"படுக்கட்டும் படுக்கட்டும். இங்க நடந்து நடந்து காலு தேஞ்சிருக்கும் பாவம்."

பக்கத்திலிருந்த அவன் மச்சான் சம்தென் சிரித்தான். சம்தென் சிரித்ததால் இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். சபையில் ஒரு விஷயம் நிறைவேறுவது இப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் யாங்கி கணவனை எழுப்பினாள்.

"யோவ், ஒவ்வொரு கூட்டத்துலயும் இப்படித்தானா?"

"எப்படி?"

"ஒரு சொட்டுக் குடிச்சிட்டு வைக்கிறானே, பால்தென்."

ஹிஷே காய்ச்சலோடு கொஞ்சம் யோசித்தான். "அவருக்கு என் டீ ரொம்பப் பிடிக்கும் போலிருக்கு யாங்கி. ரசிச்சுக் குடிக்கிறாரு."

யாங்கி ஈரத்துணியை எடுத்து அவன் நெற்றியில் போட்டாள். கொஞ்சம் இழுத்து வாயையும் மூடினாள்.

நடந்தது இதுதான். ஊருக்கு மேலே பனி எல்லையை ஒட்டிப் புல்மேடுகள் இருக்கின்றன. குளிர்காலம் முழுக்க யாக்குகள் தின்னும் வைக்கோல் அங்கிருந்துதான் வர வேண்டும். அதனால் புல் முற்றிச் சபை நாள் குறிக்கும்வரை யாரும் அங்கே காலடி வைக்கக் கூடாது. வைத்தால் மேடு போய்விடும். பக்கத்து மேட்டுக்காரனுக்குப் போய்விடும். இந்தக் கடைசி விதியை எழுதியவருக்குப் பக்கத்து மேட்டுக்காரர் யாரும் இருந்திருக்க முடியாது.

அந்தக் கோடையில் ஒரு மூடுபனிக் காலை, பக்கத்து மேட்டுக்காரன் பால்தென் ஆற்றங்கரையிலிருந்து பார்த்தபோது யாங்கி வீட்டுப் புல்மேட்டில் வெள்ளைப் போர்வையோடு நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் மலைச்சாமி பேரில் சத்தியம் செய்தான். நேரில் பார்த்துவரச் சபை அவனையும் சம்தெனையுமே அனுப்பியது, இடம் தெரிந்தவர்கள் என்பதால். சாயங்காலம் திரும்பி வந்து, "ஓடிட்டாங்க" என்றார்கள்.

அன்று இரவு சபையில் சுர்ப்பி கொடுத்தார்கள். யாக் பாலில் செய்த அந்தக் கட்டியைக் கடிக்கக் கொஞ்ச நேரம், கரைக்க ஒரு பொழுது ஆகும். வேண்டாமென்று சொல்லி யாரும் பார்த்ததில்லை. சம்தென் வேண்டாமென்றான். "பல்லு கூசுது" என்றான். யாங்கி அதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். வாயிலிருக்கும் எல்லாப் பல்லும் ஒரே நாளில் கூச வேண்டுமென்றால் மலையில் அதற்கு ஒரே வழிதான் உண்டு.

சூகா. பாறைச் சரிவுகளில் தனியாக முளைக்கும். ஆள் உயரம். தலையிலிருந்து கால்வரை வெளிர் மஞ்சள் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு நிற்கும். பூ உள்ளே வெதுவெதுப்பாக ஒளிந்திருக்கும். ஒரு மைல் தள்ளியிருந்து பார்த்தால் மந்திரம் முணுமுணுக்கும் பிட்சு மாதிரி தெரியும். தண்டை ஒடித்தால் உள்ளே தண்ணீர், புளிப்பு. உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றால் நாக்குக்குச் சொர்க்கம், பல்லுக்கு நரகம். கீழ்நாட்டிலிருந்து செடி ஆராய்ச்சி செய்ய வந்த ஒருவர், எங்கள் வயலில் விளையும் பாப்பர் தானியத்துக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம் என்றார். ஊரே சிரித்தது. பாப்பர் விதைத்த கோடையிலேயே பூத்துக் காய்த்துச் செத்துப்போகும் அவசரக்காரன். சூகா தரையோடு தரையாகக் கீரை மாதிரி உட்கார்ந்து ஆறேழு வருஷம் யோசிக்கும். பிறகு ஒரே ஒரு கோடையில் எழுந்து நிற்கும். அதோடு சரி.

புல்மேடு திறந்த நாளில் யாங்கி முதல் ஆளாக ஓடிப்போய்ப் பார்த்தாள். ஊற்றுப் பக்கத்தில் நாலு குழிந்த அடித்தண்டுகள். கத்தியால் வெட்டியது. பக்கத்தில் மிளகாய்க் காம்பு.

ஒரு அடித்தண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து சபை நடுவில் போட்டாள்.

"நீ பார்த்த நாலு பேர்ல ஒருத்தர் இவருதான். மீதி மூணு பேரும் அங்கயே இருக்காங்க. கழுத்தைத்தான் காணோம்."

பால்தென் தண்டைக் காலால் புரட்டினான். "காட்டாடு மேய்ஞ்சிருக்கும்."

"மிளகாய் தொட்டுக்கிட்டா?"

"ஏம்மா, மனுஷனுக்கும் கீரைத்தண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?"

சபை சிரித்தது. பெரியவர் ஒருவர் கடைசி வாய்ப்பாக ஹிஷேவைப் பார்த்து, உன் வீட்டு ஆள் யாரும் அன்று மேலே போகவில்லை என்று சத்தியம் செய்வாயா என்று கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஹிஷே நேர்மையாக யோசித்தான்.

"நான் அன்னிக்கு நல்லாத் தூங்கிட்டிருந்தேனுங்க. தூங்கினவன் மத்தவங்க எங்க இருந்தாங்கன்னு சாமி பேர்ல எப்படிச் சொல்றது?"

மேடு போனது. வாசலோர இடம் வந்தது. தேநீர்ப் பானையும் கூடவே வந்தது.

கடைசியாக ஒரு தடவை புல் அறுத்துக்கொள்ளச் சபை பெரிய மனசு பண்ணி அனுமதித்தது. ஹிஷே புல் அறுத்தான். யாங்கி இன்னும் மேலே ஏறிப் பாறைக்காட்டுக்குப் போனாள். அங்கே அந்த வருஷம் பூத்த சூகாக்கள் காய்ந்து பழுப்பாகி, காற்றில் கலகலவென்று விதையை ஆட்டிக்கொண்டு நின்றன. கம்பளிப் பை நிறைய உருவிக்கொண்டாள். திரும்பி வந்து, பால்தென் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் நேராகத் தெரியும் தங்கள் மேட்டு முகட்டில், பாறை இடுக்கு பார்த்து, கையளவு கையளவாக விதைத்தாள். ஊற்றோரத்தில் அல்ல. வட்டமாகவும் அல்ல. புல் அறுக்கிறவர்கள் எப்படி ஒருவர் பின்னால் ஒருவர் தள்ளித் தள்ளிச் சாய்வாக நிற்பார்களோ, அந்த வரிசையில்.

"என்ன பண்றே?" என்று கீழேயிருந்து கத்தினான் ஹிஷே.

"கால் உளையுது, உட்கார்ந்திருக்கேன்."

அவனிடம் சொல்வதும் கூரைமேல் ஏறி ஊருக்குச் சொல்வதும் ஒன்று. ஹிஷேவின் வயிற்றில் ரகசியம் தங்காது, தேநீர் மட்டும்தான் தங்கும்.

அதற்குப் பிறகு அவள் அந்த மேட்டில் கால் வைக்கவில்லை. ஓடைக்கு இக்கரையில் யாக் மேய்க்கும் சாக்கில் நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பச்சையாகப் புள்ளி. பிறகு தட்டு அகலத்துக்கு இலை. யாக்குகள் முகர்ந்துவிட்டு, புளிப்பு பிடிக்காமல் தள்ளிப் போயின. பனி விழுந்தது, உருகியது, விழுந்தது. சில செத்தன. மற்றவை உட்கார்ந்து யோசித்தன. யாங்கியும் யோசித்தாள்.

நடுவில் ஒரு கோடையில் ஒன்று மட்டும் பொறுக்காமல் தனியாக எழுந்து நின்றது. பால்தென் பார்த்துவிட்டால் அந்த மேட்டில் சூகா உண்டு என்று தெரிந்துவிடும். இடுப்பிலிருந்த யாக் மேய்க்கும் கவணை உருவி, ஓடைக்கு இக்கரையிலிருந்தே கல்லை விட்டாள். முதல் கல் பாறையில் பட்டது. இரண்டாவது கல்லில் அதன் கழுத்து போனது.

"அவசரக்குடுக்கை" என்றாள் அதைப் பார்த்து.

இதற்குள் பால்தென் ஊர்த்தலைவன் ஆகியிருந்தான். எங்கள் ஊரில் பீப்பன் என்போம். மருத்துவ முகாமில் அவனுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அவன் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டான். பீப்பன் கண்ணாடி போட்டால் பீப்பனுக்குக் கண் தெரியவில்லை என்று அர்த்தமாகிவிடும். கண் தெரியாமல் இருப்பதில் அப்படி ஒரு சிக்கலும் இல்லை.

அதைவிடக் கொடுமை வீட்டில் நடந்தது. ஹிஷே தேநீரில் தேர்ந்துவிட்டான். வெண்ணெயை எப்போது போடுவது, மூங்கில் குழாயில் எத்தனை நேரம் கடைவது, உப்பு எந்தப் பக்கத்து உப்பு என்றெல்லாம் தூக்கத்தில் பேசினான். கல்யாண வீட்டுத் தேநீரைவிடச் சபைத் தேநீர் மேல் என்று ஊர் பேசியது. கூட்டத்துக்கு வராதவர்களே இல்லை என்றாகிவிட்டது. ஒருவர், பாவம் எதற்கு நடக்க வேண்டும், ஒரு தெர்மாஸ் வாங்கி வைத்துவிடலாமே என்றார். "தெர்மாஸ் குனிஞ்சு ஊத்துமா?" என்று பால்தென் கேட்டானாம். அதையும் ஹிஷேதான் வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னான்.

"என்னை மாதிரி யாராலயும் முடியாதுங்கிறாரு."

"யோவ், உனக்கு ரோஷமே வராதா?"

"வரும் யாங்கி. போன வாரம் வெண்ணெய் பழசா குடுத்துட்டாங்க. விடல நான்."

ஆறாவது வருஷ இலையுதிர்காலத்தில் ஓடைக்கரையில் நின்றபோது யாங்கி அதைப் பார்த்தாள். முகட்டில், வரிசையில் இருந்த ஒவ்வொரு செடிக்கும் நடுவில், மூடிய முஷ்டி மாதிரி ஒரு மொட்டு. அடுத்த கோடைக்கு எழுந்து நிற்கப்போகிறார்கள். அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் கையையும் முஷ்டியாக மூடிக்கொண்டே வந்தாள்.

கோடை வந்ததும் தண்ணீர்த் திரிகையில் மாவரைக்கப் போனாள். சம்தெனின் பெண்டாட்டி ஓங்மு அங்கே இருக்கும் நேரம் பார்த்துப் போனாள். ஓங்முவிடம் ஒன்றைச் சொன்னால் அது வீடு போய்ச் சேர மாவு சலிக்கும் நேரம் ஆகாது.

"இந்த வருஷம் என் அண்ணன் தம்பிங்க அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குலேர்ந்து வராங்க" என்றாள் யாங்கி, திரிகைச் சத்தத்தை மீறி.

"அப்படியா? எதுக்குக்கா?"

"சும்மாதான். கையில அரிவாளோட வருவாங்க."

"அரிவாளா?"

"புல்லு அறுக்கத்தான். என் மேடு என் மேடுதானே ஓங்மு? எவன் நாள் குறிச்சா எனக்கென்ன? யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் ஓங்மு. மாவை அள்ளாமலே கிளம்பினாள்.

அதன் பிறகு பால்தென் விடியும்போதே வாசலில் நாற்காலி போட்டு முகட்டைப் பார்க்கத் தொடங்கினான். மூடுபனி இறங்கி இறங்கி விலகியது. ஒரு காலையில் விலகியபோது, முகட்டில் வெள்ளைப் போர்வை போர்த்திய ஒரு குடும்பமே நின்றது. நெட்டை, குட்டை, நடுத்தரம். ஒருவர் பின்னால் ஒருவர், சாய்வான வரிசையில்.

கூரைமேல் ஏறி அவன் சபையைக் கூப்பிட்ட சத்தத்தில் நாய்கள் ஊரைவிட்டு ஓடின.

கூடத்தை ஒட்டித் தேநீர் கடையும் கொட்டகை இருக்கிறது. யாங்கி அங்கே விறகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பலகைச் சுவரில் விரல் நுழையும் இடுக்கு. ஹிஷே குழாயில் தேநீர் கடைந்துகொண்டிருந்தான்.

"நீ இங்க என்ன பண்றே?"

"கால் உளையுது."

அவன் நம்பினான். பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

பால்தென் எழுந்து நின்றான். "நானா ஒண்ணும் சொல்லல. கண்ணால பார்த்ததைச் சொல்றேன். யாங்கியும் அவ அண்ணன் தம்பிங்களும் என் மேட்டுல நின்னு புல்லு அறுக்கிறாங்க. இப்ப, இந்த நிமிஷம். இதோ ஹிஷே இங்க நிக்கிறான். இவன் பெண்டாட்டி எங்க? கேளுங்க."

"எங்கப்பா ஹிஷே?"

ஹிஷே வாயைத் திறந்தான். யாங்கி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பால்தென் கோப்பையில் உதட்டை நனைத்து வைத்துவிட்டான். ஹிஷேவுக்குக் கடமை முதலில். பானையோடு போய் நிரப்பினான். நிரப்பிக்கொண்டே, நல்லெண்ணத்தில், மெதுவாகக் கேட்டான்:

"பீப்பனே, அது சூகாவா இருக்குமோ? அப்பவே யாங்கி அப்படித்தான் சொன்னா."

"போடா பைத்தியக்காரா!" என்று கத்தினான் பால்தென். "சூகா அப்ப இருந்துச்சு, சரி. இப்ப எங்கேருந்து வரும்? ஒண்ணுவிடாம நாங்கதான் தின்னு தீர்த்துட்டோமே!"



ஹிஷே ஊற்றுவதை நிறுத்தவில்லை. கோப்பை நிரம்பி வழிந்தது. சம்தென் தன் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். பிறகு வாயையும் மூடிக்கொண்டான்.

"தின்னீங்களா?" என்றார் அன்றைக்குச் சத்தியம் கேட்ட பெரியவர்.

"அது வேற... அன்னிக்கு..."

"நாலு பேரையுமா?"

விறகுக்குப் பின்னால் யாங்கி கண்ணைத் திறந்து இடுக்கில் ஒட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் போட்ட கணக்கில் இது இல்லை. சபை மலையேற வேண்டும், செடியைப் பார்க்க வேண்டும், பால்தென் முகம் கோண வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. நடுவில் இந்த மனுஷன், ஒன்றும் தெரியாமல், ஒரு கோப்பைத் தேநீரோடு போய் அவன் வாயைத் திறந்துவிட்டான். அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, கதவைத் திறந்து கூடத்துக்குள் வந்தாள்.

"என்னைத் தேடினீங்களா? கொட்டகையிலதான் இருந்தேன். அண்ணன் தம்பிங்க வரல. அவங்களுக்கு நாத்து வேலை."

மொத்தச் சபையும் அப்போதே மலையேறியது. பீப்பன் முன்னால் நடக்க வேண்டும் என்பது முறை. ஆகவே முன்னால் நடந்தான். மூடுபனி முழுக்க விலகியிருந்தது. முகட்டில் வெயில் பட்டு ஒவ்வொரு சூகாவும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி நின்றது. வரிசை பிசகவில்லை. முன்னால் நின்ற நெட்டைக்குப் பக்கத்தில் யாங்கி போய் நின்றுகொண்டாள்.

"பீப்பனே, இது என் பெரியண்ணன். இவரு நடு அண்ணன். வணக்கம் சொல்லுங்க. வாய் பேச மாட்டாங்க, ஆனா பொய்யும் சொல்ல மாட்டாங்க."

பால்தென் கண்ணைச் சுருக்கிச் செடியையே பார்த்தான். "இத்தனை... வரிசையா எப்படி..." என்றான்.

"மனுஷனுக்கும் கீரைத்தண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச கண்ணாச்சே. நீங்களே சொல்லுங்க."

அதற்குள் யாரோ ஒரு தண்டை ஒடித்து ஊராருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏறிவந்த தாகம். சம்தெனிடம் நீட்டியபோது அவன் பின்வாங்கினான்.

"வேண்டாம், பல்லு கூசும்."

"தெரியும்" என்றாள் யாங்கி. "அன்னிக்கே கேட்டேன்."

இறங்கும் முன்பே தீர்ப்பு ஆகிவிட்டது. மேடு திரும்பியது. பீப்பன் பதவி போனது. ஹிஷே எத்தனை வருஷம் வாசலோரம் உட்கார்ந்தானோ அத்தனை வருஷம் பால்தென் அங்கே உட்கார்ந்து தேநீர் ஊற்ற வேண்டும். ஹிஷேவுக்கு அடுப்புப் பக்கத்தில் முதல் வரிசை.

"பாவம், வயசாச்சு, கொஞ்சம் குறைச்சு..." என்று தொடங்கினான் ஹிஷே.

"யோவ்" என்றாள் யாங்கி.

பால்தெனின் தேநீர் முதல் கூட்டத்தில் உப்பாக இருந்தது. இரண்டாவதில் வெண்ணெய் தனியாக மிதந்தது. மூன்றாவதில் ஊர் பொறுமையிழந்தது. இப்படித் தண்டனை கொடுத்தால் அனுபவிக்கிறது நாங்கள்தான் என்று குரல் எழுந்தது. ஹிஷே கொட்டகையில் இருந்து கடையட்டும், பால்தென் ஊற்றட்டும் என்று முடிவானது. ஹிஷே முதல் வரிசையிலிருந்து துள்ளி எழுந்து கொட்டகைக்கு ஓடினான். போகும்போது வெண்ணெய் புதுசா என்று கேட்டுக்கொண்டே ஓடினான்.

வீட்டுக்கு ஒருவர் சபையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அது விதி. எனவே அடுப்புப் பக்கத்து இடத்தில் யாங்கி உட்கார்ந்தாள்.

பால்தென் பானையோடு கூடத்தின் நீளம் முழுக்க நடந்து வந்தான். இப்போது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். கோப்பை தெரிய வேண்டுமே. குனிந்து நிரப்பினான். திரும்பி வாசலுக்குப் போய், செருப்புகளுக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

யாங்கி கோப்பையை எடுத்தாள். உதட்டை நனைத்தாள். வைத்தாள். கூரையைப் பார்த்தாள்.

அப்படி அந்தக் கூரையில் என்னதான் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. புகை பிடித்த உத்தரங்கள், ஒரு பழைய சிலந்திக்கூடு. வேறொன்றுமில்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் முழங்கால் நெட்டி முறியும் சத்தம் கேட்டது. பானை வந்தது. குனிந்தது. குருவி சிந்தும் அளவு ஊற்றியது. போனது. அவள் உதட்டை நனைத்தாள்.

அடுத்த தடவை வந்தபோது அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

"மடமடன்னு குடிச்சிட்டு மூடிக்கக் கூடாதா தாயே?"

"என் வீட்டுக்காரர் டீ" என்றாள் யாங்கி. "ரசிச்சுத்தான் குடிக்கணும்."

கோப்பையைக் கீழே வைத்தாள்.